99 விழுக்காடு தூய்மை ஏன் போதாது? ஐ.பி.எஸ். செல் வளர்ப்பில் மீந்துபோகும் செல்களை நீக்குவது பற்றி

கேள்வி: செக்காலை மாணவி, காரைக்குடி

அனைவருக்கும் வணக்கம். காரைக்குடியில் உயிர்த்தொழில்நுட்பவியல் முதுகலை இரண்டாம் ஆண்டு படித்து வருகிறேன். ஐ.பி.எஸ். செல்களிலிருந்து (ஸ்டெம் செல் நிலைக்குத் திருப்பப்பட்ட, எந்த வகைச் செல்லாகவும் மாறவல்ல உடற்செல்கள்) உருவாக்கப்படும் இதயத்தசைச் செல்களை நோயாளிக்குச் செலுத்துவதற்கு முன் எவ்வாறு தூய்மைப்படுத்துகிறார்கள் என்பது பற்றித் துறைக் கருத்தரங்கில் பேச வேண்டியிருக்கிறது. 2006இல் ஷின்யா யமனாக்கா நான்கு மரபணுக்களைச் செலுத்தி எலியின் தோல் செல்களை ஸ்டெம் செல் நிலைக்குத் திருப்பியது, மறு ஆண்டே மனிதச் செல்களிலும் அது கைகூடியது, 2012இல் அவரும் ஜான் கர்டனும் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டது ஆகியவற்றைப் படித்துவிட்டேன். அந்த வரலாற்றில் எனக்கு ஐயம் இல்லை.

ஐயம் அதற்குப் பிந்தைய கட்டத்தில்தான். ஐ.பி.எஸ். செல்களை இதயச் செல்களாக மாற்றும்போது எல்லாச் செல்களும் மாறிவிடுவதில்லை என்றும், மாறாமல் தங்கிவிட்டவை உடலுக்குள் சென்றால் டெரட்டோமா என்னும் கட்டியாக வளரக்கூடும் என்றும் எல்லாக் கட்டுரைகளும் சொல்கின்றன. ஆனால் தீர்வு என்று வரும்போது ஒருவர் லேசர் கொண்டு செல்களைப் பிரிக்கிறார், இன்னொருவர் காந்தம் வைத்துப் பிரிக்கிறார், வேறொருவர் மருந்து ஊற்றிக் கொல்கிறார், மற்றொருவர் செல்களை வளர்க்கும் ஊட்டக் கரைசலான ஊடகத்தில் குளுக்கோஸை நிறுத்திவிடுகிறார். எல்லோருமே 99 விழுக்காட்டை நெருங்கிவிட்டதாகச் சொல்கிறார்கள். அப்படியானால் எதற்காக இத்தனை முறைகள்? 99 விழுக்காடு போதாது என்றால் எதுதான் போதும்? கெட்ட செல் இனி இல்லை என்பதை எப்படி உறுதி செய்கிறார்கள்? அறிந்தவர்கள் விளக்கினால் பெரிதும் உதவியாக இருக்கும்.

மறுமொழி: கானாடுகாத்தான்காரர் (பெங்களூரில் செல் வளர்ப்புக் கூடத்தில் பணி)

தங்கச்சிக்கு வணக்கம். விழுக்காட்டை முதலில் ஒதுக்கி வைத்துவிட்டு எண்ணிக்கையைப் பாருங்கள். நீங்கள் படித்த கட்டுரைகளில் பாதியும் சறுக்குவது இந்த இடத்தில்தான்.

பெரிய மாரடைப்பு ஒன்றில் ஏறத்தாழ 100 கோடி இதயத்தசைச் செல்கள் இறந்துபோகின்றன. அந்த இழப்பை முழுவதுமாக ஈடுகட்ட வேண்டுமானால் செலுத்த வேண்டியதும் அதே அளவில்தான் இருக்கும். 100 கோடியில் 99 விழுக்காடு இதயச் செல்கள் என்றால், மீதியுள்ள ஒரு கோடி செல்கள் வேறு ஏதோ. அந்த ஒரு கோடியும் ஆபத்தானவை என்று நினைத்துவிடாதீர்கள். பெரும்பாலானவை நார்த்திசுச் செல்களாகவோ இரத்தநாளச் செல்களாகவோ இருக்கும், அவற்றால் கட்டி வராது. ஆனால் மொத்தத்தில் 0.1 விழுக்காடு மட்டுமே மாறாத ஐ.பி.எஸ். செல்களாக இருந்தாலும் அது 10 லட்சம். எதிர்ப்புத்திறன் நீக்கப்பட்ட எலிகளில் சில நூறு செல்களே டெரட்டோமாவை உண்டாக்கப் போதுமானவை என்று காட்டப்பட்டிருக்கிறது.

இதே கணக்கைக் கண்ணுக்குப் போட்டுப் பாருங்கள். 2014இல் ஜப்பானின் ரிக்கென் நிறுவனத்தில் மசாயோ தகஹாஷி குழுவினர் ஐ.பி.எஸ். செல்களிலிருந்து உருவாக்கி ஒரு நோயாளியின் விழித்திரைக்கு அடியில் வைத்த நிறமிச் செல் தகட்டின் அளவு 1.3 மில்லிமீட்டருக்கு 3 மில்லிமீட்டர்தான். அதில் இருந்த செல்களைத் தாராளமாக ஐம்பதாயிரம் என்று கொண்டாலும் 0.002 விழுக்காடு மாசு என்பது ஒரே ஒரு செல். அதே 0.002 விழுக்காடு இதயத்துக்கான 100 கோடியில் இருபதாயிரம் செல்களாகிவிடுகிறது. கண்ணுக்குப் போதுமான தூய்மை இதயத்துக்கு எந்த வகையிலும் போதாது. இத்தனை முறைகள் இருப்பதற்கு முதற்காரணம் இதுதான்: உறுப்புக்கு உறுப்பு அளவு வேறு, மாசாக நிற்கும் செல்லும் வேறு.

இனி லேசர் முறை. புதுவயல் அரிசி ஆலைகளில் கலர் சார்ட்டர் இயந்திரத்தைப் பார்த்திருப்பீர்கள். அரிசி மணிகள் வரிசையாக விழ, ஒவ்வொன்றையும் கேமரா பார்த்து, கறுத்த அரிசியையும் கல்லையும் காற்றை ஊதித் தள்ளிவிடும். செல் பிரிப்பானும் அப்படியே ஒவ்வொரு செல்லாக லேசருக்கு முன் ஓடவிட்டு, குறிப்பிட்ட அடையாளத்தில் மட்டும் ஒட்டும் ஒளிரும் ஆன்டிபாடி என்ற புரதம் ஒட்டியிருக்கிறதா என்று பார்த்து, துளிக்கு மின்னேற்றம் கொடுத்து வலமோ இடமோ திருப்பிவிடுகிறது. மாறாத செல்களின் மேற்பரப்பில் உள்ள எஸ்.எஸ்.இ.ஏ.-4, டிரா-1-60 போன்ற அடையாளங்களைக் கொண்டு அவற்றை ஒதுக்கலாம். சிக்கல் வேகத்தில் இருக்கிறது. நொடிக்கு இருபதாயிரம் செல்கள் என்று ஓட்டினால்கூட 100 கோடியைக் கடந்து முடிக்க ஏறத்தாழ 14 மணி நேரம் ஆகும். அவ்வளவு நேரம் குழாய்க்குள் காத்திருக்கும் இதயச் செல்கள் என்ன நிலையில் வெளியே வரும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. போதாததற்கு, இரண்டு செல்கள் ஒட்டிக்கொண்டு ஒரே துளியில் வந்தால் நல்லதோடு கெட்டதும் சேர்ந்தே உள்ளே போய்விடும். காந்த முறையில் நுண்மணிகளை ஒட்டிய செல்கள் எல்லாம் ஒரே நேரத்தில் குழாயில் பிடித்து நிறுத்தப்படுவதால் அளவு ஒரு தடையே இல்லை. ஆனால் அடையாளம் மங்கலாக உள்ள செல்கள் தப்பிவிடும்.

அதற்காக லேசர் முறை பயனற்றது என்று சொல்ல மாட்டேன். கியோட்டோ பல்கலைக்கழகத்தில் ஜுன் தகஹாஷி குழுவினர் பார்க்கின்சன் நோய்க்கான நரம்பு முன்னோடிச் செல்களைக் கோரின் என்ற மேற்பரப்புப் புரதத்தைக் கொண்டு பிரித்தெடுத்தார்கள். கெட்டதைத் தேடி நீக்குவதற்குப் பதிலாக வேண்டியதை மட்டும் பொறுக்கி எடுப்பது அவர்கள் வழி. ஒரு நோயாளிக்குத் தேவைப்பட்டவை 50 லட்சத்திலிருந்து ஒரு கோடி வரையிலான செல்களே என்பதால் அது சாத்தியமாயிற்று. 2018இல் தொடங்கிய அந்த ஆய்வின் முடிவுகள் 2025இல் வெளிவந்தன; அறுவை செய்துகொண்ட 7 பேரிலும் இரண்டாண்டுக் கண்காணிப்பில் கட்டி போன்ற மிகை வளர்ச்சி காணப்படவில்லை.

மறுமொழி: ஓய்வுபெற்ற உயிர்வேதியியல் ஆசிரியை, தேவகோட்டை

கானாடுகாத்தான் தம்பி பிரித்தெடுப்பதைப் பற்றி எழுதிவிட்டார். நான் பட்டினி போடுவதைப் பற்றி எழுதுகிறேன். உங்கள் தலைப்பு இதயம் என்பதால் கருத்தரங்கின் நடுப்பகுதி இதுவாகவே இருக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

மாறாத ஸ்டெம் செல் வேகமாகப் பெருகும் செல். அது தன் ஆற்றலுக்குப் பெரும்பாலும் குளுக்கோஸைப் பிளக்கும் கிளைக்கோலிசிஸையே நம்பியிருக்கிறது. அந்தப் பாதையின் இடைப்பொருள்களிலிருந்தே புதிய செல்லுக்கு வேண்டிய கட்டுமானப் பொருள்களையும் எடுத்துக்கொள்கிறது. இதயத்தசைச் செல்லின் நிலைமை வேறு. மைட்டோகாண்ட்ரியா நிறைந்திருக்கும் அந்தச் செல், இரத்தத்தில் லாக்டேட் வந்தால் அதைப் பைருவேட்டாக மாற்றி, சிட்ரிக் அமிலச் சுழற்சிக்குள் அனுப்பி எரித்துக்கொள்ளும். ஓடிக் களைக்கும்போது கால் தசைகள் வெளியேற்றும் லாக்டேட்டை நம் இதயம் எரிபொருளாக்கிக் கொள்கிறதே, அந்த இயல்புதான். ஜப்பானின் கெய்யோ பல்கலைக்கழகத்தில் தோயாமா, ஃபுக்குடா குழுவினர் 2013இல் இதைப் பயன்படுத்திக்கொண்டார்கள். ஊடகத்திலிருந்து குளுக்கோஸை அறவே நீக்கி லாக்டேட்டைச் சேர்த்து, செல்களைச் சில நாள் அப்படியே விட்டுவைத்தார்கள். மாறாத செல்கள் மடிந்தன. இதயச் செல்கள் துடித்துக்கொண்டே இருந்தன. 99 விழுக்காடு வரை தூய்மை கிடைத்தது. ஆன்டிபாடியும் வேண்டாம், மரபணு மாற்றமும் வேண்டாம். 100 கோடி செல்களாக இருந்தாலும் மாற்ற வேண்டியது ஊடகத்தை மட்டுமே.

ஆனால் குளுக்கோஸ் இல்லாதபோது மாறாத செல்களில் சில குளுட்டமினைக் கொண்டு தாக்குப்பிடிக்கின்றன. 2016இல் அதே குழுவினர் இதைக் கண்டறிந்து இரண்டையும் சேர்த்தே நீக்கினார்கள். தப்பிப் பிழைத்தவையும் விரைவில் மடிந்தன. இந்த இரண்டாவது ஆய்வைக் கட்டாயம் சேர்த்துக்கொள்ளுங்கள். எந்தக் கதவு மூடப்பட்டது என்பதோடு, செல் எந்தக் கதவு வழியாகத் தப்பியது என்பதையும் சொன்னால்தான் கேட்பவர்களுக்கு விளங்கும்.

மருந்து முறைக்கு எடுத்துக்காட்டாக ஜெருசலேமில் பென்வெனிஸ்டி குழுவினர் 2013இல் வெளியிட்டதைச் சொல்லலாம். 52,000க்கும் மேற்பட்ட சிறு மூலக்கூறுகளைச் சோதித்து, புளூரிசின்-1 என்ற ஒன்றை அவர்கள் தேர்ந்தெடுத்தார்கள். அது ஒலியிக் அமிலத்தைத் தயாரிக்கும் நொதியை முடக்குகிறது. மாறாத செல்கள் அந்த நொதியை மிகுதியும் சார்ந்திருப்பதால் மடிகின்றன. மாறிய செல்கள் பிழைத்துக்கொள்கின்றன. வெளியிலிருந்து ஒலியிக் அமிலத்தைக் கொடுத்தால் நச்சு பலிப்பதில்லை என்று அவர்களே காட்டியிருக்கிறார்கள். ஆகவே இம்முறையைக் கையாள்பவர் தம் ஊடகத்தில் கொழுப்பு அமிலம் எங்கிருந்தெல்லாம் வருகிறது என்பதில் கவனமாக இருக்க வேண்டும்.

இரண்டில் எனக்குப் பிடித்தது பட்டினி முறையே. மருந்தோ நச்சுப்புரதமோ சேர்த்தால், அது நோயாளிக்குச் செல்லும் குப்பியில் எஞ்சவில்லை என்பதைத் தனியே மெய்ப்பிக்க வேண்டும். குளுக்கோஸை நீக்கியதில் எஞ்சுவதற்கு எதுவுமில்லை. எம்முறையாயினும் கொன்ற செல்களின் எச்சத்தை நீக்கியாக வேண்டும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். செத்த செல்லிலிருந்து வழியும் டி.என்.ஏ. பிசின் போல நல்ல செல்களைத் திரள்திரளாக ஒட்டவைத்துவிடும், டி.என்.ஏ.வைச் சிதைக்கும் நொதியை இட்டுக் கழுவுவது அதனால்தான்.

கவனிக்க வேண்டிய இன்னொரு செய்தியும் உண்டு. நெடுநாள் வளர்ப்பில் ஸ்டெம் செல்களின் 20ஆம் குரோமோசோமில் ஒரு பகுதி கூடுதல் படியாகப் பெருகிவிடுவது அடிக்கடி நிகழ்வது. அப்பகுதியில் உள்ள பி.சி.எல்.2.எல்.1 மரபணு செல்லைச் சாவிலிருந்து காக்கிறது. செல்லைத் தற்சாவுக்குத் தூண்டும் எந்த முறையிலும், சாக மறுக்கும் இந்தச் செல்களே கடைசிவரை நிற்கும் வாய்ப்பு அதிகம். தூய்மைப்படுத்தும் முன்பே மூலச் செல்களின் மரபணு நிலையைப் பார்க்காமல் விட்டால், பொல்லாதவற்றைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்ததாக முடியும். ரிக்கென் ஆய்வில் இரண்டாம் நோயாளிக்கான அறுவை 2015இல் நிறுத்தப்பட்டதே, அவருடைய ஐ.பி.எஸ். செல்களில் மரபணு மாற்றங்கள் தென்பட்டதால்தான்.

மறுமொழி: பள்ளத்தூர் வாசகர்

பெரியவர்கள் பேசிக்கொண்டிருக்கும்போது குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். எங்கள் ஆயாவுக்கு மூட்டுத் தேய்மானம். அவரவர் கொழுப்பிலிருந்தே ஸ்டெம் செல் எடுத்து, தூய்மைப்படுத்தி, அன்றே ஊசியாகப் போடுவதாக ஒரு விளம்பரத்தைப் பார்த்துவிட்டு உறவினர்கள் பணம் கட்டலாம் என்கிறார்கள். நீங்கள் சொல்லும் தூய்மைப்படுத்தலும் அதுவும் ஒன்றா?

மறுமொழி: கண் மருத்துவர், காரைக்குடி

ஒன்றல்ல. கொழுப்பிலிருந்து வருபவை மீசென்கைமல் செல்கள். அவை எல்லா உறுப்பாகவும் மாறும் ஆற்றல் உள்ளவை அல்ல. எனவே டெரட்டோமா அங்கு முதன்மையான அச்சம் இல்லை. அங்கே உள்ள கேள்வி, ஊசிக்குள் இருப்பது உண்மையில் என்ன என்பது. 2006இல் பன்னாட்டுச் செல் சிகிச்சைச் சங்கம் வகுத்த அளவுகோலின்படி, வளர்ப்பில் உள்ள செல்களில் குறைந்தது 95 விழுக்காடு சி.டி.73, சி.டி.90, சி.டி.105 என்ற மூன்று அடையாளங்களையும் கொண்டிருக்க வேண்டும், சி.டி.45, சி.டி.34 போன்ற இரத்த மரபு அடையாளங்கள் 2 விழுக்காட்டுக்கு மேல் இருக்கக் கூடாது. கொழுப்பைக் கரைத்து அன்றே ஏற்றும் கலவையில் இரத்தச் செல்கள், நாளச் செல்கள் எல்லாம் கலந்தே இருக்கும். அதைத் தூய்மை என்று சொல்வது விளம்பர மொழி.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் உயிர்த்தொழில்நுட்பத் துறையும் 2017இல் வெளியிட்ட வழிகாட்டு நெறிகள், இரத்த நோய்களுக்கான இரத்த ஸ்டெம் செல் மாற்றைத் தவிர மற்ற ஸ்டெம் செல் சிகிச்சைகள் அனைத்தும் அனுமதி பெற்ற மருத்துவ ஆய்வாகவே நடைபெற வேண்டும் என்று கூறின. அத்தகைய ஆய்வில் நோயாளியிடம் பணம் வாங்கக் கூடாது. ஒன்றிரண்டு தயாரிப்புகளுக்குப் பின்னர் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் ஒப்புதல் கிடைத்திருக்கிறது. விளம்பரத்தில் இருப்பது அவற்றில் ஒன்றா என்று எழுத்தில் கேளுங்கள். 2017இல் வெளியான ஓர் அறிக்கையை என் துறையினர் எவரும் மறக்க மாட்டார்கள். அமெரிக்காவில் விழித்திரையின் மையப்பகுதி சிதையும் மாகுலாச் சிதைவு நோயுள்ள மூன்று பெண்கள் பணம் கட்டி, தங்கள் கொழுப்பிலிருந்து எடுத்த செல்களை இரண்டு கண்களிலும் ஒரே நாளில் ஏற்றிக்கொண்டு கடுமையாகப் பார்வை இழந்தார்கள்.

மாணவிக்கு என் துறையிலிருந்து ஒன்று சொல்ல விரும்புகிறேன். எல்லா இடத்திலும் ஸ்டெம் செல்லை நீக்குவதே தூய்மை என்று எண்ணிவிட வேண்டாம். அமிலமோ சுண்ணாம்போ பட்டுக் கருவிழியின் விளிம்பில் உள்ள லிம்பல் ஸ்டெம் செல்கள் அழிந்துபோனவர்களுக்கு, நல்ல கண்ணிலிருந்து எடுத்து வளர்த்த செல் தகட்டைப் பொருத்துகிறோம். அங்கே ஸ்டெம் செல் குறைவாக இருப்பதுதான் குறை. இத்தாலியக் குழுவினர் 112 நோயாளிகளை ஆராய்ந்து 2010இல் வெளியிட்ட முடிவின்படி, கூட்டமாகப் பெருகவல்ல செல்களில் பி63 புரதம் பளிச்சென்று தெரியும் செல்கள் 3 விழுக்காட்டைத் தாண்டிய வளர்ப்புகள் 78 விழுக்காடு நோயாளிகளில் வெற்றி தந்தன. தாண்டாதவை 11 விழுக்காட்டில் மட்டுமே. 2015இல் ஐரோப்பாவில் ஒப்புதல் பெற்ற ஹோலோகிளார் என்னும் செல் தகட்டுச் சிகிச்சை இந்த வழியில் வந்ததுதான்.

செக்காலை மாணவி

அனைவருக்கும் மிக்க நன்றி. தேவகோட்டை ஆச்சி அவர்கள் சொன்ன 2016 ஆய்வை இன்றே தேடிப் படிக்கிறேன். இரண்டு கேள்விகள் எஞ்சியிருக்கின்றன. மாசு எஞ்சவில்லை என்று உறுதிப்படுத்தும் சோதனை எது? இத்தனைக்குப் பிறகும் ஒரு செல் தப்பிவிட்டால் உடலுக்குள் சென்றபின் செய்ய ஏதேனும் வழி உண்டா?

மறுமொழி: கானாடுகாத்தான்காரர்

'இல்லை' என்று எந்தச் சோதனையும் சொல்லாது. 'இந்த அளவுக்கு மேல் இல்லை' என்று மட்டுமே சொல்லும். விழித்திரை நிறமிச் செல்களில் மூன்று சோதனைகளை ஒப்பிட்டு 2012இல் ஜப்பானியர்கள் வெளியிட்ட கட்டுரை இன்றும் பயனுள்ளது. ஐ.பி.எஸ். செல்களைத் தெரிந்த எண்ணிக்கையில் வேண்டுமென்றே கலந்துவிட்டு, எது கண்டுபிடிக்கிறது என்று பார்த்தார்கள். மென் அகார் என்ற கூழில் வளர்த்துப் பார்க்கும் முறைக்கு 1 விழுக்காடு கலப்பு தேவைப்பட்டது. செல்களை ஒவ்வொன்றாக லேசரில் பார்த்து எண்ணும் ஃப்ளோ சைட்டோமெட்ரி 0.1 விழுக்காடு வரை கண்டது. லின்28 என்ற மரபணுவின் ஆர்.என்.ஏ.வைப் பெருக்கி அளக்கும் பி.சி.ஆர். 0.002 விழுக்காட்டையும் காட்டியது. நான் முன்பு அந்த எண்ணை எடுத்துக்கொண்டதன் காரணம் இதுதான். ஆனால் லின்28 எல்லாத் திசுவுக்கும் பொருந்தாது. மாறிய செல்லும் அந்த மரபணுவை வெளிப்படுத்தும் திசுக்களில் வேறு அடையாளம் தேட வேண்டும்.

செல்லை வீணாக்காமல் சோதிக்கவும் ஒரு வழி இருக்கிறது. ஹிரோவாக்கி தத்தேனோ குழுவினர் ஒரு பாக்டீரியாவிலிருந்து எடுத்த ஆர்.பி.சி.2.எல்.சி.என். என்னும் லெக்டின் புரதம், மாறாத செல்லின் மேற்பரப்பில் உள்ள ஒரு குறிப்பிட்ட சர்க்கரைச் சங்கிலியைப் பற்றிக்கொள்கிறது. அந்தச் சங்கிலியைச் சுமக்கும் புரதம் வளர்ப்பு ஊடகத்திலும் உதிர்வதால், கொட்டப்போகும் பழைய ஊடகத்தைச் சோதித்தே கலப்பை அறியலாம். இதே லெக்டினோடு நச்சுப்புரதம் ஒன்றை இணைத்து மாறாத செல்களைக் கொல்லவும் செய்தார்கள். இவை அனைத்துக்கும் பிறகு எலியில் பல மாதக் கண்காணிப்பு. அதைத் தவிர்க்க இன்னும் வழியில்லை.

நுண்ணுயிர் மாசை யாரும் இங்கே தொடவில்லை என்பதால் ஒரு சொல். சாதாரண ஊசிமருந்தை 0.22 மைக்ரான் வடிகட்டியில் செலுத்தித் தூய்மையாக்கிவிடலாம். செல்லே பத்து மைக்ரானுக்கு மேல் இருப்பதால் நம் பொருளை வடிகட்ட இயலாது, சூடாக்கவோ கதிர்வீச்சில் வைக்கவோ முடியாது. ஆரம்பத்திலிருந்தே கிருமி நுழையாமல் பார்த்துக்கொள்வது ஒன்றே வழி. ஊடகத்தை வடிகட்டினாலும் மைக்கோபிளாஸ்மா என்ற மிகச் சிறிய பாக்டீரியா 0.22 மைக்ரான் துளையில் நுழைந்துவிடும், அதற்கு 0.1 மைக்ரான் வேண்டும்.

இரண்டாம் கேள்விக்கு வருகிறேன். செல்லுக்குள் முன்கூட்டியே ஒரு தற்சாவு விசையை வைத்துவிடலாம். காஸ்பேஸ்-9 என்ற நொதியை, ஒரு மருந்து வந்தால் மட்டும் விழித்துக்கொள்ளுமாறு மாற்றிச் செல்லில் பொருத்துவார்கள். எலும்பு மஜ்ஜை மாற்றுக்குப் பின் டி செல்கள் என்னும் எதிர்ப்புத்திறன் செல்களைப் பெற்று, அவற்றால் பாதிக்கப்பட்ட நோயாளிகளில், மருந்து கொடுத்த 30 நிமிடங்களில் மாற்றப்பட்ட டி செல்களில் 90 விழுக்காட்டுக்கு மேல் அழிந்ததாக 2011இல் வெளியாயிற்று. இதயத்துக்கு இதை அப்படியே வைத்தால், கட்டியோடு சேர்த்துப் பழுதுபார்த்த தசையும் போய்விடும். ஆகவே 2020இல் ஸ்டான்ஃபோர்டு குழு ஒன்று மாறாத செல்லில் மட்டும் இயங்கும் நானாக் மரபணுவோடு அந்த விசையை இணைத்துக் காட்டியது. மருந்தைக் கொடுத்ததும் மாறாத செல்கள் பத்து லட்சம் மடங்குக்கும் மேல் குறைந்தன, மாறிய செல்கள் தப்பின. முன்பு நாம் போட்ட கணக்கில் 0.1 விழுக்காட்டுக்கு 10 லட்சம் செல்கள் வந்தனவே, அவை ஒன்றுக்கும் கீழே இறங்கிவிடும் அளவு இது. ஆனால் அது மரபணு திருத்தப்பட்ட செல் என்பதால் அனுமதி பெறும் பாதை நீளும். நானாக்கை வெளிப்படுத்தாத கட்டி வந்தால் அந்த விசை பயன்படாது. எனவே இதயத்துக்கு நான் முதலில் குளுக்கோஸும் குளுட்டமினும் இல்லாத ஊடகத்தையே வைப்பேன். விசையை அதற்குப் பின்னால் ஒரு காவலாக மட்டும் வைப்பேன்.